வாரா வாரம் சாயும் சக்கரம்

— காத்து குறைவா வெச்சு ஓட்டியிருப்பீங்க மாமா.

— யாரு, நானா? காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்து பார்க்கறவன் நான்.

— தெரியும் தெரியும். பக்கத்துல படுத்திருக்கற பொண்டாட்டியைக்கூடத் திரும்பிப் பார்க்காம டயரைப் பார்க்க ஓடிடுவீங்களாம். அக்கா சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா.

— பேச்சை மாத்தாத வாலு. இங்க குனிஞ்சு பாரு. உள் ஓரம் வழுக்கை. வெளி ஓரமும் வழுக்கை. நடுவுல மட்டும் நேத்து வாங்கின மாதிரி இருக்கு.

— உங்க தலைக்கு நேர் எதிர். உங்களுக்கு நடுவுல மட்டும்தான்...

— ஏய்!

— சரி, சரி. தள்ளி நில்லுங்க, லிஃப்ட்ல ஏத்தறேன். வழக்கம் போல சக்கரத்தை நிமிர்த்தி வெச்சுடலாம்.

— வேண்டாம்மா. இன்னைக்கு நிமிர்த்த வேண்டாம்.

— பின்ன எதுக்கு சனிக்கிழமை மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்தீங்க? ஃபிளாஸ்க்ல காபி குடுத்துட்டுப் போகவா?

— காபி எப்பவும் போலத்தான். நீ நாலு டயரும் புதுசா போட்டுடு. வழுக்கை டயரோட ஒருத்தர் கையில வண்டியக் குடுக்கறது மரியாதை இல்ல.

— யார் கையில குடுக்கப் போறீங்க?

— ஒரு கண் டாக்டர். அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்னார். வாக்கு குடுத்துட்டேன்.

— இந்த வண்டியையா? ரெண்டே சீட்டு இருக்குன்னு ஊரே சிரிச்சப்ப, எங்களுக்கு ரெண்டு போதும்னு சண்டை போட்டு வாங்கினீங்களே... இதையா?

— கத்தாத. வெளியில கேக்கும்.

— கேக்கட்டும்! அக்காவுக்குத் தெரியுமா?

— வித்துட்டு சொல்லிக்கறேன். முன்னாடியே சொன்னா விடமாட்டா. எனக்காகத்தான் விடமாட்டா. ஞாயித்துக்கிழமை நான் மலை ரோட்டுக்கு எடுத்துட்டுப் போறேனே, அதுக்காக.

— அப்ப விக்காதீங்க. அவ்வளவுதானே?

— அவ கையை நீ பார்த்தியா? போன வருஷம் படியில விழுந்து உடைஞ்ச மணிக்கட்டு. வெள்ளிக்கிழமை ஆனா வெந்நீர்ல கையை முக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நான் உள்ள வந்தா டக்குனு எடுத்துத் துடைச்சுக்கறா. நீதானே சொன்னே? சக்கரத்தோட தலை உள்பக்கம் சாஞ்சு நின்னா வளைவுல சிக்குனு பிடிக்கும், ஆனா நேர் ரோட்டுல ஸ்டியரிங் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும்னு.

— சொன்னேன். அதுக்குப் பேருதான் கேம்பர்.

— பேரு கிடக்கட்டும். வாரம் முழுக்க ஆபீசுக்கு ஓட்டறவ அவதான். அவ கைக்காகத்தான் நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். அவகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன். அஞ்சு மாசமா சனிக்கிழமை தவறாம வந்து நிமிர்த்திட்டுப் போறேன். அடுத்த சனிக்கிழமை அளந்தா மறுபடி சாஞ்சு கிடக்கு!

— ம்.

— கேட்டா நீ என்ன சொன்னே? இந்த வண்டியோட நட்டு ஒரு வாரம்தான் தாங்கும், குழியில விழுந்தா தானா வழுக்கிடும், வாரா வாரம் கொண்டு வாங்கன்னே.

— ம்...

— தானா நட்டு வழுக்கற வண்டில அவளை எப்படி நம்பி அனுப்பறது? அதான் முடிவு பண்ணிட்டேன். எனக்கு வளைவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். என்ன, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கறே?

— மாமா... நட்டு வழுக்காது.

— என்ன?

— நான் இறுக்கின நட்டு எங்கயும் வழுக்காது. நீங்க யானையைக் கட்டி இழுத்தாலும் வழுக்காது.

— அப்ப எப்படி சாயுது?

— ஒருத்தங்க வந்து சாய்ச்சுட்டுப் போறாங்க.

— யாரு?

— சொல்லக்கூடாது. அங்கயும் சத்தியம் பண்ணியிருக்கேன்.

— என் வண்டியை எவனோ வந்து... எப்ப?

— திங்கட்கிழமை மத்தியானம்.

— திங்கட்கிழமை மத்தியானம் வண்டி எங்க இருக்கும்? உங்க அக்கா ஆபீஸ் வாசல்ல இருக்கும்.

— அவளுக்குத் திங்கட்கிழமை அரை நாள்தானே.

— ஆமா. அரை நாள்தான். பல் டாக்டர்கிட்ட போறேன்னு... அஞ்சு மாசமா பல் டாக்டர்...

— வாய்ல மொத்தம் முப்பத்திரண்டுதான் மாமா. கணக்கு எங்கயோ இடிக்கல?

— வாலு... உங்க அக்காவா?

— நான் சொல்லல. நீங்களா கண்டுபிடிச்சீங்க. சத்தியம் அப்படியே இருக்கு.

— அவ எதுக்கு வண்டியை சாய்க்கறா? அவ கையைத்தானே அது இழுக்கும்!

— உங்களுக்காக. முன்னல்லாம் ஞாயித்துக்கிழமை வளைவுல ஒரு சுத்து சுத்திட்டு வந்தா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி விசிலடிச்சுக்கிட்டே உள்ள வருவாராம் அவ புருஷன். இந்த விசில் இருக்கற வரைக்கும் என் கை வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்டின்னு சொன்னா.

— அப்படியா சொன்னா...

— இப்பல்லாம் உம்முனு வர்றீங்களாம். சாய்வு பத்தலையோன்னு வாரா வாரம் இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்றா.

— உம்முனு வராம? வண்டி வளைவுல திரும்பவே மாட்டேங்குது. வெளிப்பக்கமா ஓடுது. சரி, அவ கைக்கு நல்லதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டு வர்றேன்.

— அங்க அவளும் அதே பல்லைத்தான் கடிச்சுக்கிட்டு ஓட்டறா. நிஜமாவே பல் டாக்டர்கிட்ட போக வேண்டி வரும் ரெண்டு பேரும்.

— இரு இரு. எனக்குத் தலை சுத்துது. நான் சனிக்கிழமை அவளுக்காக நிமிர்த்தறேன்...

— மறுநாள் நிமிர்ந்த வண்டியை நீங்களே மலைக்கு எடுத்துட்டுப் போறீங்க. வளைவுல வெளி ஓரம் தேயுது.

— அவ திங்கட்கிழமை எனக்காக சாய்க்கறா...

— வாரம் முழுக்க சாஞ்ச வண்டியை அவளே ஆபீசுக்கு ஓட்டறா. நேர் ரோட்டுல உள் ஓரம் தேயுது. நடுவுல மட்டும் புத்தம் புதுசு.

— அப்ப அவ கை வலி என்னால. என் உம்மு அவளால.

— டயர் போனது உங்க ரெண்டு பேராலயும்.

— லூசு... ரெண்டும் லூசு. நேர்ல கேட்டிருக்கலாமே என்கிட்ட!

— நீங்க கேட்டீங்களா அவகிட்ட? என்ன மாமா, கண்ணு கலங்குது?

— பிரேக் தூசி.

— லிஃப்ட் இன்னும் ஏத்தவே இல்ல.

— வாயை மூடு. அந்த போனை எடு... ஹலோ, டாக்டர் சார்? வணக்கம். வண்டி விஷயமா... இல்ல சார், குடுக்கறதா இல்ல... தப்புதான், வாக்கு குடுத்தேன். மன்னிச்சுக்கங்க... காரணமா? வண்டில ஒரு கோளாறும் இல்ல சார். வீட்டுலதான்... இல்ல இல்ல, சண்டை இல்ல. அதுக்கு நேர் எதிர்... சரிங்க. வெச்சுடறேன்.

— கண் டாக்டர் என்ன சொன்னார்?

— சிரிக்கறார். வீட்டுக்காரம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

— அப்பாடா. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது.

— சரி, உள்ளதைச் சொல்லு. அவ கையும் வலிக்கக்கூடாது, எனக்கு விசிலும் வரணும், டயரும் ஒரே சீரா தேயணும். முடியுமா முடியாதா?

— முடியும். நிமிர்ந்ததுக்கும் சாஞ்சதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. வளைவுல முன்ன மாதிரி பறக்காது, ஆனா வெளிப்பக்கமா ஓடியும் போகாது. ஸ்டியரிங் லேசா இழுக்கும், கை வலிக்கற அளவுக்கு இழுக்காது. ஒரு தடவை வெச்சு இறுக்கிட்டா வருஷத்துக்குத் தொட வேண்டாம்.

— இது எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?

— அந்த ஸ்பேனரை எடுங்க மாமா. பெருசு. அது இல்ல, பக்கத்துல இருக்கறது.

— இந்தா. முதல் மாசமே தெரியுமா?

— முதல் வாரமே தெரியும்.

— சரி, என்கிட்ட பண்ணின சத்தியத்தால அவகிட்ட சொல்லல. அவகிட்ட பண்ணின சத்தியத்தால என்கிட்ட சொல்லல. அது நியாயம். ஆனா நட்டு தானா வழுக்கும்னு பொய் சொல்லச் சொல்லி யாரு உன்கிட்ட சத்தியம் வாங்கினா?

— காபி ஆறிடும், ஊத்துங்க.

— அவகிட்டயும் இதே பொய்தானா?

— அதே நட்டு. அதே பொய்.

— அஞ்சு மாசமா வாரத்துக்கு ரெண்டு தடவை வண்டிக்கு அடியில படுத்து எழுந்து, எண்ணெயும் அழுக்குமா... உனக்கு என்னடி கிடைச்சுது இதுல? அட, மூஞ்சியை நிமிர்த்து. திட்ட மாட்டேன். சும்மாதான் கேக்கறேன்.

— மத்தவங்கல்லாம் சாவியை மேஜை மேல வெச்சுட்டு, வேலை முடிஞ்சதும் போன் பண்ணுன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க மாமா. பூட்டிட்டு மாடி ஏறினா அங்கயும் நான் மட்டும்தான்... நட்டு ஒரு தடவை இறுக்கினா போதும்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நீங்க சனிக்கிழமை ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்திருப்பீங்களா? அக்காதான் திங்கட்கிழமை வந்து, அந்த ஸ்டூல்ல என்னை உட்கார வெச்சுத் தலை பின்னி விட்டிருப்பாளா?