ஆட்டு வாலை விட்டுக்கொடாத அருட்திரு ஆம்புரோஸ் தாரல்ட் அவர்களுக்கு

விதர்கூம் திருச்சபையின் விளக்கே! எபிரேயத்தின் ஆழத்தை எளிய ஆங்கிலத்தில் எமக்கு ஈந்த ஏந்தலே! முப்பத்தோர் ஆண்டுகள் மழையிலும் பனியிலும் மணியோசை தவறாது பிரசங்க பீடம் ஏறிய பெருந்தகையே! வணக்கம்.

சொல்லின் செல்வரே!

வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கப் பேராயர்கள் கூட்டிய குழு, பலி முறைகளைக் கூறும் லேவியராகமத்தைத் தங்களிடம் ஒப்படைத்தபோது, எழுதிய ஏடுகளைக் கையிலேந்தி, நாங்கள் ஆட்டு மயிர் கத்தரிக்கும் களத்துக்கே வந்து படித்துக் காட்டினீர்கள். எமக்கு விளங்காத சொற்களை அங்கேயே அடித்துத் திருத்தினீர்கள். ஒன்றை மட்டும் திருத்த மறுத்தீர்கள். பலியாட்டின் கொழுத்த வாலை எடுத்து எரிக்க வேண்டும் என்று தாங்கள் ஆலயத்தில் வாசித்த அன்று, ஆடு வளர்த்தே வாழும் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். எங்கள் ஆட்டு வாலில் எலும்பும் மயிரும் சேறுமன்றி வேறேது?

"கொழுப்பு ஆட்டு வாலுல இல்ல, மொழிபெயர்த்தவருக்குத்தான்!" என்றார் ஆலய மேற்பார்வையாளர் ஜார்விஸ் ஹாஸ்க்.

"பின்பக்கம்னு மாத்திடுங்க ஐயா, வம்பு தீரும்" என்று மன்றாடினார் அவர் மனைவி மார்ஜரி.

"எபிரேயத்துல வால்னுதான்மா இருக்கு. நான் பார்க்காத ஆடுங்கறதுக்காக அதோட வாலை வெட்டிட முடியுமா?" என்றீர்கள்.

பொறுமையின் உருவே!

வேதத்தை நகைப்புக்கு இடமாக்கினீர்கள் என்று ஜார்விஸ் பேராயருக்கு எழுத, பிரசங்க பீடம் ஐந்து மாதம் தங்களுக்கு மறுக்கப்பட்டது. பதவியே பறிபோகும் நிலையிலும், காய்ச்சலில் கிடந்த ஜார்விஸின் மகளுக்காக நாள்தோறும் நடந்துசென்று ஜெபித்தீர்கள்.

இலையுதிர் காலச் சந்தைக்கு, வேதம் பிறந்த நாடுகளை அடுத்த சிரியாவின் அலெப்போ நகரில் வணிகம் செய்து திரும்பிய ராஃப் டெனிங் வந்தார். "வாலா? அந்தப் பக்கத்து ஆட்டுக்குத் தலையணை மாதிரி இருக்கும்யா! கனம் தாங்காம சிலதுக்குப் பின்னால குட்டி வண்டியே கட்டிவிடுவாங்க" என்றார். மறுநாளே ஜார்விஸ் பேராயரிடம் சென்று புகாரைத் திரும்பப் பெற்றார். தங்களிடம் வந்து தலைகுனிந்து நின்றார்.

"நிமிர்ந்து நில்லு ஜார்விஸ். பார்க்காத ஆட்டைப் பத்தி எழுதினப்போ எனக்கே உள்ளூர பயம்தான்" என்று சிரித்தீர்கள்.

அன்புடைய ஐயா!

கண்ணொளி மங்கியதால் விடைபெறும் தாங்கள், தங்கள் தங்கையார் தோட்டத்துப் பேரிக்காய் மர நிழலில் உடல்நலமும் உளநிறைவும் பெற்று நெடுங்காலம் இனிது வாழ்க!

அச்சேறி வந்த நூலில் வால் வாலாகவே நிற்கின்றது. இம்மடல் முடிந்ததும் அந்த அதிகாரத்தை வாசிக்கவிருப்பவர் ஜார்விஸ். தாமே கேட்டுப் பெற்ற பணி. எவரேனும் சிரித்தால் விளக்கம் கூறத் தாங்கள் எழ வேண்டா. அமர்ந்திருங்கள், அவர் கூறுவார்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவா
விதர்கூம் திருச்சபையார்