இலக்கியாவின் கை

அடைக்கு முட்டை வைக்கும்போது ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் மேடம். பதினொன்று, பதின்மூன்று, கோழி பெரிதாக இருந்தால் பதினைந்து. ஏன் என்று எனக்குத் தெரியாது, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வைப்பார்கள். எத்தனை என்பதைவிட யார் கையால் வைக்கிறார்கள் என்பதைத்தான் பெரிதாகப் பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. என் மகள் இலக்கியா பெற்ற குழந்தையை ஏன் கையால் தொடவே இல்லை என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் தெரியாது என்றார். அவருடைய அம்மாவும் தெரியாது என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பொய் சொல்லவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்துபோனால் உங்களைப் போல ஒரு ஆர்.டி.ஓ. விசாரிப்பார் என்பதே எனக்கு இந்த வாரம்தான் தெரியும். போலீஸ்காரர்கள் மாப்பிள்ளை அடித்தாரா, நகை கேட்டாரா என்று மட்டும்தான் கேட்டார்கள். குழந்தையைப் பற்றி நீங்கள்தான் கேட்டீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

திருவதிகையைத் தாண்டி எங்களுக்கு ஒரு காணி நிலம். வீடும் அதற்குள்தான். நாலு பலா மரம், மழையை நம்பிக் கொஞ்சம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஒரு கறவை மாடு, வீட்டைச் சுற்றி ஆடு கோழி. நான், என் சம்சாரம் விருத்தாம்பாள், ஒரே மகள். இலக்கியாவுக்கு ஐந்து வயசிருக்கும்போது விளையாட்டாக ஒரு சுரை விதையை ஊன்றினாள். அந்தக் கொடி கூரையை மூடிக்கொண்டு காய்த்தது. அதற்கப்புறம் தெருவில் யார் விதை போட்டாலும் முதல் விதையை அவள் கையால்தான் போடுவார்கள். பக்கத்து வீட்டு ஜான்சி மாதா கோயிலுக்குப் போகிறவள், ராசி கீசி பார்க்க மாட்டேன் என்பாள். அவளும் அடைக்கோழிக்கு முட்டை வைக்க பாப்பாவைத்தான் கூப்பிடுவாள். எனக்கு அதில் பெருமை ஜாஸ்தி. ஊரில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வைகாசியில் அவள் புருஷன் வீடு இருக்கும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு பையோடு வந்தாள். தோள்பட்டையில் கன்றிப்போயிருந்தது. நான் பார்த்தேன். அவள் துண்டை இழுத்து மூடினாள், நானும் பார்க்காதது போல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும், பத்து நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் ஒரு மாதம் ஆனது. டீக்கடையில் கோவிந்தசாமி தினமும் ஒரே கேள்வி கேட்பான். "இன்னா மாமா, பாப்பா இன்னும் வூட்டுலதான் கீதா?" அவன் கெட்டவன் இல்லை, கேட்க வேண்டும் என்று கேட்கிறான். நான் டீ குடிப்பதையே விட்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளே சொன்னாள். "நான் திரும்பிப் போவலப்பா. அஞ்சாறு ஆடு, கொஞ்சம் கோழி, கொல்லையில காய்கறி. அது போதும் எனக்கு. உங்களுக்கு பாரமா இருக்க மாட்டேன்."

நான் சரிம்மா என்றேன். அந்த வைராக்கியமெல்லாம் எத்தனை நாளைக்கு என்று எண்ணினேன். ஆனால் அவள் வைத்த பதின்மூன்று முட்டையும் பொரித்தன. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. அவள் மடியில் குஞ்சுகளை வைத்துக்கொண்டு சிரித்தாள், வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் கை இப்படியே விளைந்தால் இவள் போகவே மாட்டாள்.

அடுத்த அடைக்கு முட்டையை எடுத்துக் கூடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் வெந்நீர் போட்டேன். கொதிக்கக் கூடாது, கொதித்தால் ஓடு விரியும், கண்டுபிடித்துவிடுவாள். கை பொறுக்காத சூடு இருந்தால் போதும். ஒவ்வொன்றாக முக்கி, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து, முன்பு இருந்தது போலவே அடுக்கினேன். ஒன்றும் உடையவில்லை. நான் எந்த வேலையையும் பதறிச் செய்கிறவன் இல்லை.

இருபத்தோரு நாளில் பொரிக்க வேண்டும். இருபத்தைந்தாம் நாளும் அவள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் மல்லாட்டைக்குக் களை எடுத்தேன்.

ஆடியில் விதை போடுவதற்கு அவரை, புடலை, பாகல் என்று பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அதற்கும் வெந்நீர்தான், பிறகு நிழலில் உலர்த்தி அதே பொட்டலத்தில் கட்டினேன். ஒரு விதை முளைக்கவில்லை. தெருவில் அதே வாரம் போட்ட மற்றவர்களுக்கெல்லாம் முளைத்தது. வாடிய மரவள்ளித் தழையை ஆடு தின்றால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை நான்தான் வெட்டிப் போட்டேன், இரண்டு ஆடும் ஒரு குட்டியும் போயின. அந்தக் குட்டி தாயில்லாதது, அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். அது அடங்கும்வரை தலையை மடியில் வைத்திருந்தாள். அன்றைக்கு நானும் அழுதேன், நடிப்பில்லை. மாட்டை மட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை. பால் ஊற்றுகிற மாடு அது.

நான் அவளை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. விருத்தாம்பாள்தான் முதலில் சொன்னாள், அவளுக்கு நான் செய்தது எதுவும் தெரியாது. "புருஷன வுட்டுட்டு வந்ததுலேந்து இவ கையே மாறிப்போச்சிங்க." ஜான்சி கூப்பிடுவதை நிறுத்தினாள். இலக்கியா கொல்லைப் பக்கம் போவதை விட்டாள். கோழி குறுக்கே வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஆவணியில் மாப்பிள்ளை வந்து கூப்பிட்டபோது மறு பேச்சில்லாமல் கிளம்பினாள். அப்போது அவளுக்கு நாலு மாதம். பஸ் ஏற்றிவிட்டு வந்து, கோவிந்தசாமி கடையில் ஒரு டீ குடித்தேன். அவன் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தானே. ஏழாம் மாதம் அழைத்து வந்தோம். கன்னத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது, கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் ஜெயராணி அம்மா என்னை வராந்தாவில் பார்த்து, "ஐயா, உங்க பொண்ணு கொழந்தைய கையில வாங்கவே மாட்டேங்குது, நாங்கதான் மார்ல புடிச்சி வைக்கிறோம். கொஞ்சம் பேசிப் பாருங்க" என்றார்.

உள்ளே போனேன். விருத்தாம்பாள் சுடுதண்ணீர் வாங்கப் போயிருந்தாள். குழந்தை தொட்டிலில் முழித்துக்கொண்டிருந்தது. என் அம்மாவின் ஜாடை. இலக்கியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குவதற்கு அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"அப்பா," என்றாள். "நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்ட. அந்த முட்டை, வெதை, ஆட்டுக்குட்டி எல்லாம் நெசமாவே என் கையாலதானா? இவளுக்கும் எதுனா ஆயிடுமோன்னு பயமா கீதுப்பா. நீ இல்லன்னு சொல்லு, நான் தூக்கிக்கிறேன். தூக்கினேன்னா அப்புறம் அங்க போவ மாட்டேன். ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கிறோம்."

மேடம், நான் அரை நிமிஷம் யோசித்தேன். அதற்கு மேல் இல்லை. இல்லை என்று சொன்னால் போதும். வெந்நீரைப் பற்றிக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இல்லை என்றால் அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்வாள். பிறகு குழந்தையோடு என் வாசலில் இருப்பாள், நான் சாகும்வரை இருப்பாள். பெண்ணோடு பேத்தியையும் வைத்துக்கொண்டு நான் தெருவில் எப்படி நடப்பது?

"ஆமாம்மா," என்றேன். "உன் கைதான். புள்ளைய உன் மாமியாரே தூக்கட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். முப்பது நாள் கழிந்ததும் நானே கொண்டுபோய் ஸ்ரீமுஷ்ணத்தில் விட்டேன். பஸ்ஸில் குழந்தை என் மடியில்தான் இருந்தது. பதினொரு நாள் கழித்து அவர்கள் வீட்டுப் பின்பக்கக் கிணற்றிலிருந்து என் மகளை எடுத்தார்கள்.

மாப்பிள்ளை அடித்ததற்கு மாப்பிள்ளை பதில் சொல்லட்டும். கிணற்றுக்கு அனுப்பியது நான். உங்கள் கிளார்க் எழுதுவதில் அது தெளிவாக இருக்கட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். எட்டு மாதமாக இதைச் சொல்ல ஆள் தேடினேன், விருத்தாம்பாளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடினால் அவள் முட்டையைக் காதில் வைத்துக் கேட்கிறாள். அவளைப் போல ஒரு பிள்ளை எனக்கு இனிமேல் கிடையாது.

இன்னும் ஒன்றே ஒன்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் மேடம், ஊரில் நாளைக்கு நாலு விதமாகப் பேசுவார்கள். என் மகள் வாழாவெட்டியாகச் சாகவில்லை. புருஷன் வீட்டில்தான் செத்தாள்.