வீட்டில் எப்போதும் ஆள் உண்டு

வெயில் மூஞ்சியில அடிக்குது. அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் எங்கேயும் ஓடப் போறதில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கின வருஷம் சைகோன்லேருந்து காரைக்காலுக்குத் திரும்பினேன். கிராமபோன், கண்ணாடி அலமாரி, சீனப் பீங்கான், இதுதான் என் சம்பாத்தியம். வீட்டுச் சாமானுக்கு இன்ஷூரன்ஸ் போட புதுச்சேரி ஏஜெண்டு கைலாசநாதன் வந்தார். அடுப்படி கீத்துக் கூரையா இருக்கு, பிரீமியம் கூடும்னார். பகல்ல வீட்டைப் பூட்டிப் போட்டா இன்னும் கூடும், ஆள் இருந்தா குறையும்னார். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, பகலெல்லாம் கடையிலதான். ஆனா அப்பத்தான், என்னை நானா நானான்னு கூப்பிடுற தங்கச்சி மெஹர் பானு புருஷனைப் பறிகொடுத்துட்டு எங்கிட்ட வந்து இத்தா இருந்தா. இத்தா முடியிற வரைக்கும் விதவை வாசல் தாண்ட மாட்டா. எப்பவும் ஆள் உண்டுன்னு எழுதிக்கிட்டார். கூரையை மாத்தினா செலவு. தங்கச்சி உள்ளே இருக்க என்ன செலவு?

இத்தாவுக்குப் பிறைக் கணக்கு, நாலு மாசம் பத்து நாள். உள்ளே கிடக்கிறவளுக்கு நான் சொல்றதுதான் பிறை. முடிஞ்ச பிறகும் முடியலைன்னேன். நெரவியிலேருந்து காதர் பாட்சாவோட உம்மா மகனுக்குப் பெண் கேட்டு வந்து, எப்பவோ முடிஞ்சுபோச்சேன்னு ஜன்னல் வழியா அவகிட்ட போட்டு உடைச்சுட்டாங்க. பானு கிளம்புறதுக்குப் புடவையெல்லாம் மடிச்சு வச்சா. பாவமாத்தான் இருந்துச்சு. அன்னையிலேருந்து அவளை அடுப்படிப் பக்கம் விட்டு கொல்லைக் கதவையும் நடுக்கதவையும் பூட்டி, வாசலையும் பூட்டிட்டுத்தான் கடைக்குப் போவேன்.

அடுப்படி பத்திக்கிச்சுன்னு சொன்னதும் ஓடினேன். தெரு ஜனமெல்லாம் கொல்லைப் பக்கம் தண்ணி அடிச்சுக்கிட்டிருந்தாங்க. வாசல்ல பூட்டு தொங்கினா ஆள் இல்லைன்னு கம்பெனி சொல்லிடும். முதல்ல அதைக் கழட்டி மடியில வச்சேன்.

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம், "நானா, தொறங்க நானா"ன்னா.

சாவி என் கையிலதான் இருந்துச்சு. சாமானைக் காப்பாத்தப் பாடுபடணும்னு பத்திரத்துல நிபந்தனை இருக்குங்க. கிராமபோனைத் தெருவுல வச்சேன். திரும்பிப் போய் பீங்கானை எடுத்தேன். அலமாரி கனம், இழுத்துப் பார்த்தேன். அதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு.

நேத்து கம்பெனிக்காரர் வந்து, தீப்பிடிச்சப்ப வீட்டுல ஆள் இருந்தாங்களான்னு கேட்டார். இருந்தாங்கன்னேன். எல்லாத்தையும் எழுதிக்கோங்க, ஐயா. பிரீமியம் குறைய நான் பொய் சொன்னேன்னு மட்டும் எழுதிடாதீங்க.