வாளியில் என்ன இருந்தது

ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் டீ நன்றாகத்தான் போடுகிறார்கள் மேடம், சர்க்கரைதான் ஒரு கை தூக்கல். உங்கள் ஏட்டு அன்போடு வாங்கிக் கொடுத்தது, குறை சொல்லக் கூடாது. அவசரமில்லை, முதலிலிருந்து எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் தேவநாதன், வயது நாற்பத்தாறு. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சொந்த யூனிட். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாகப் பீங்கானில் ஒன்று செருகியிருக்குமே, கரண்ட் போனதும் எல்லோரும் அதைத்தானே பிடுங்கிப் பார்ப்பார்கள், அந்த ஃபியூஸ் கேரியர்தான் எங்கள் சரக்கு. நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கம்பி கட்டியிருக்கும். எங்கேயாவது கோளாறு என்றால் கம்பி உருகி அறுந்துவிடும், கரண்ட் நின்றுவிடும். மனிதன் சாகக் கூடாது என்று கம்பி சாகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தால் இதை நான்தான் விளக்கிச் சொல்வேன். கைதட்டுவார்கள்.

வளவனும் நானும் ஒரே பெஞ்சு. அவன் பத்தாவதோடு கிதாரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினான், நான் மண் பிசையப் போனேன். அப்புறம் அவன் பாட்டு பெர்லின் வரைக்கும் போனதும், ராக் என்றால் இங்கிலீஷ்காரன் சமாச்சாரம் என்று இருந்த பையன்களெல்லாம் அவன் மாதிரி முடி வளர்த்ததும் நீங்கள் அறிந்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம், சொந்த ஊரில் ஒரு கச்சேரி என்று வந்தான். பேட்டை மைதானத்தில் மேடை. அடுத்த சுவர் என் யூனிட் என்பதால் மின்சாரமும் என் போர்டிலிருந்துதான். மைக் செட், எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்காரன் கொளஞ்சிநாதனுடையது. மாலை ஏழு மணிக்கு நாலாவது பாட்டைத் தொடங்க வளவன் கிதாரோடு மைக்கைப் பிடித்தான். பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. ஆறாயிரம் பேர் அதுவும் ஆட்டம் என்று நினைத்துக் கத்தினார்கள். ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கியவன் நான். அதற்குள் முடிந்துவிட்டது.

மின்கசிவு, விபத்து என்று அதிகாரிகள் ஒரு பக்கத்தில் எழுதி முடித்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை மேடம். அவ்வளவு பெரிய ஆள் ஒரு முழக் கம்பியால் செத்தான் என்றால் அது அவனுக்கு அவமானம் இல்லையா? நான் அவனை மிகவும் நேசித்தேன். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினேன். முதல் வீடியோவில் நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. யாரோ ஒரு ரசிகன் போனில் எடுத்த பதினோரு நொடிக் காட்சி ஒன்றைப் போட்டேன். அதில் கொளஞ்சிநாதன் மேடைக்குப் பின்னால் ஒரு பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, அவசரமாகப் போகிறான். “வளவன் சாவதற்கு மூன்று நிமிஷம் முன்பு. அந்த வாளியில் என்ன இருந்தது?” என்று கேட்டேன். அவ்வளவுதான். கேள்வி கேட்பது குற்றமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நான்கு நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. வாளியில் திராவகம் என்றான் ஒருவன். மேடையைச் சுற்றி ஈரமாக்கினான் என்றான் இன்னொருவன். பாட்டு உரிமைக்காக சென்னைக் கம்பெனி ஒன்று ஏவிய ஆள் கொளஞ்சி என்று மூன்றாமவன் படம் போட்டு விளக்கினான். வளவன் சாகவே இல்லை, ஜெர்மனியில் தாடி வைத்துக்கொண்டு இருக்கிறான் என்று பெண்ணாடத்திலிருந்து ஒருவர் எனக்கே போன் செய்து சொன்னார். எதையும் நான் சொல்லவில்லை. யாரையும் மறுக்கவுமில்லை. வேப்பூர் ஹோட்டலில் சாப்பிடப் போனால் கல்லாவில் இருப்பவர் எழுந்து நின்று, “தேவநாதண்ணன் தானுங்களே? வுடாதீங்கண்ணே” என்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்கவில்லை.

வாளியில் இருந்தது உப்புத் தண்ணீர்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உப்பு என் யூனிட் உப்பு. எங்கள் பேட்டையில் கோடை வந்தால் எர்த்துக் குழி காய்ந்துவிடும். காய்ந்தால், கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்காமல் இரும்பில் நின்றுகொள்ளும். அதனால் வெயில் காலத்தில் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். எல்லா யூனிட்டிலும் செய்கிற வேலைதான். கொளஞ்சிக்கும் அது தெரியும். யாரும் சாகக் கூடாது என்றுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஊரார் அவனுக்கு மைக் செட் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். மாசி மகத்துக்கு வருஷா வருஷம் அவன் கட்டுகிற ஒலிபெருக்கியை அடுத்த வருஷம் வெளியூர்க்காரன் கட்டினான். அவன் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் வாளிப்படம் வரைந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ‘வாளி’ என்று கூப்பிட்டார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னா போதுங்க. கொளஞ்சி தண்ணி ஊத்தத்தான் போனான், நான்தான் உப்பு எடுத்துக் குடுத்தேன்னு. நீங்க சொன்னா ஊரு நம்பும்.”

“இப்ப சொன்னா, இத்தன நாளு ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேடா.”

“என்னயத் தேவுடியாளுக்குப் பொறந்தவன்னு எழுதறாங்கண்ணே. எம் பொண்ணு அதப் படிக்கிது. வூட்ட வுட்டு வெளிய வரமாட்டங்குது.” அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்களும் ஃபிரண்ட பறிகுடுத்தவரு. உங்க வேதன எனக்குப் புரியிதுங்க. பொறுமையா யோசிச்சிச் சொல்லுங்க,” என்றான்.

“பாக்கலாம், போயிட்டு வா,” என்றேன். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான்.

யோசித்தேன். அன்று சாயந்திரம் வீடியோ போட்டேன். “வாளிக்காரர் இன்று என் வீடு தேடி வந்து கெஞ்சினார். நிரபராதி ஏன் கெஞ்ச வேண்டும்?” பத்து லட்சம் தாண்டியது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் ஜங்ஷனுக்கு அப்பால் தண்டவாளத்தில் கொளஞ்சி கிடந்தான். சட்டைப் பையில் கடிதம் எதுவும் இல்லை. நான் போய் மாலை போட்டேன். அவன் கட்டின ஒலிபெருக்கியில்தான் நானும் வளவனும் முதல் முதலாக மைக்கில் பேசினோம், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், அவன் அப்பாவுக்கு எடுபிடியாக வந்திருந்தான்.

அன்றைக்கு அவன் மனைவி காசியம்மாளைப் பார்த்தபோதுதான் எனக்கு அடுத்தது தோன்றியது. குற்றவாளியாகவே செத்தால் அந்தக் குடும்பம் எப்படித் தலைநிமிரும்? ஆகவே ஒரு மாதம் கழித்து, “ஒரே சாட்சியையும் முடித்துவிட்டார்கள்” என்று போட்டேன். கொளஞ்சி எதையோ பார்த்துவிட்டான், என்னிடம் சொல்லத்தான் வந்தான், அதற்குள் தண்டவாளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். ஒரே வாரத்தில் ஊர் மாறிவிட்டது மேடம். வாளிப்படம் வரைந்த சுவரிலேயே அவன் படத்தை வளவன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். நான் செய்ததில் இது நல்ல காரியம் என்று இன்றும் நினைக்கிறேன்.

காசியம்மாள் வந்து என் காலில் விழுந்தாள். “எம் புருசன் பேர மீட்டுக் குடுத்திட்டீங்கண்ணே. கொன்னவங்கள மட்டும் புடிச்சிக் குடுங்க, அது போதும்” என்றாள். அவளுக்காக எஸ்.பி. ஆபீசுக்கு மனு எழுதியவனே நான்தான். வழக்கைத் திரும்ப விசாரிக்க வேண்டும், கச்சேரி அன்று ரசிகர்கள் போனில் எடுத்த படங்களையெல்லாம் முழுசாக வாங்கிப் பார்க்க வேண்டும் என்று என் கையால்தான் எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இப்படி ஒன்றில் இறங்குமுன் மற்றவர்கள் பல்லிச் சகுனம், ஜோசியம் பார்ப்பார்கள், நான் அதைக்கூடப் பார்க்கவில்லை.

நீங்களும் உத்தரவு வந்தபடி வாங்கினீர்கள். அந்தப் பதினோரு நொடி, நாலு நிமிஷப் படத்தில் ஒரு துண்டு என்று கண்டுபிடித்தீர்கள். கொளஞ்சி வாளியோடு போன பிறகு கேமரா இடப்பக்கம் திரும்புகிறது. என் யூனிட் சுவர் தெரிகிறது. போர்டு தெரிகிறது. என் முதுகு தெரிகிறது. நேற்று அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நானே வந்திருப்பேன் என்று சொன்னேன்.

நடந்தது இதுதான். சவுண்டு பார்க்கும்போது ஒரு தடவை ஃபியூஸ் போனது, மாற்றினேன். மூன்றாவது பாட்டு நடுவில் இன்னொரு தடவை போனது. அந்தி வெளிச்சத்தில் வளவன் மேடையிலிருந்து கத்தினான், “டேய் தேவா, ஊருக்கே ஃபியூஸ் வித்தியே, ஒன் வூட்ல ஒண்ணு நிக்கலியாடா?” முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை பேருக்கு எதிரில். கொளஞ்சி ஓடிவந்தான். “அண்ணே, ரெண்டு தபா போயிடிச்சி. எங்கியோ இரும்பு பாடில கரண்ட் ஏறுது. எர்த்து குழி காஞ்சி கெடக்குது, உப்பு குடுங்க, ஊத்திட்டு வந்துடறேன். நான் வர்ற வரிக்கும் போட்டுடாதீங்க,” என்றான். “சரி, போ” என்றேன்.

கூட்டம் விசில் அடித்தது. கேரியரில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக, கிடந்த ஒயரிலிருந்து ஏழு இழை செம்பை ஒன்றாக முறுக்கிக் கட்டினேன். அது எதற்கும் அறுந்து போகாது. இப்படிச் செய்யவே கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். செருகினேன். விளக்கெல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தது. வளவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கொளஞ்சி இன்னும் குழிக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு ஓடிப்போய்ப் பிடுங்கினேன் என்றேனே, பிடுங்கியதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சரியான கம்பி கட்டிய வேறொன்றை அங்கே வைத்தேன். ஸ்டாக்கில் எட்டாயிரம் இருந்தது. பழையது என் உடைசல் குவியலில் எங்கோ கிடக்கிறது.

வளவன் என்னால் செத்தான். கொளஞ்சியும் என்னால் செத்தான். மூன்று நிமிஷம் பொறுத்திருந்தால் முதலாமவனும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாமவனும் இருந்திருப்பார்கள். இதை யாரும் மிரட்டி வாங்கவில்லை, சுயநினைவோடு எழுதுகிறேன்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரியவில்லை. நான் உள்ளே வந்த செய்தி பரவி, தேவநாதன் அண்ணனை அடித்து எழுதி வாங்குகிறார்கள் என்று காலையிலிருந்து ஓடுகிறதாம், உங்கள் ஏட்டே போனில் காட்டினார். காசியம்மாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். “எங்களுக்காக அலஞ்ச மனுசன், வுட்டுடுங்க” என்று கான்ஸ்டபிளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வழியாகக் காதில் விழுகிறது. நீங்களே போய் இந்தத் தாளைப் படித்துக் காட்டினாலும் அவள் நம்பமாட்டாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. நேற்று இரவெல்லாம் இதைத்தான் யோசித்தேன். இருபது வருஷமாக அந்த போர்டில் ஃபியூஸ் போனதே கிடையாது. வளவன் மேடை ஏறிய அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை எப்படிப் போகும்? போகவைத்தது யார்? நான் செம்பைக் கட்டுவேன் என்று தெரிந்த யாரோ ஒருத்தன் இருந்திருக்கிறான். அதை நீங்கள் விசாரிக்கவே இல்லை மேடம். விசாரிக்காவிட்டால் பரவாயில்லை, வெளியே வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன். கண்டுபிடிக்காமல் ஓயமாட்டேன், கொளஞ்சிக்காகவாவது.