தலை நல்லா இருக்கு

எனக்கு அசைவம் ஆகாது, அய்யா. இரத்த வாடை பட்டாலே குமட்டும். அதனால்தான் பிரசவம் பார்க்கும் படிப்பு வேண்டாமென்று ஸ்கேன் படிப்பை எடுத்தேன். பழனிசெட்டிபட்டியில் என் சென்டர் தரையைப் பாருங்கள். விழுந்த சோற்றை எடுத்துத் தின்னலாம்.

யுவராணியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டிபட்டியில் தறிக்காரர் வீட்டு மருமகள். முதல் பிள்ளை மண்டை ஓடே உருவாகாமல் பிறந்து, அன்றே போய்விட்டது. இரண்டாவதுக்கு ஐந்தாம் மாதம் என்னிடம் வந்தாள். படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இதுக்கும் அப்படித்தான்னா இப்பவே சொல்லிப்புடுங்க. கலைச்சுக்கிறேன். இன்னொருக்கா சுமந்து, பெத்து, பொதைக்க என்னால ஆகாது."

கலைச்சுக்கிறேன். ஏதோ வாசல் கோலத்தைக் கலைப்பதுபோலச் சொன்னாள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

பெண் பிள்ளை என்றால் அழிக்கத் துடிக்கிற கூட்டத்தை வாசலிலேயே விரட்டியவள் நான். சீ, அந்த முகங்கள். இவளுக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும்.

இந்தப் பிள்ளைக்கும் புருவத்துக்கு மேலே ஒன்றுமில்லை. பிழைக்காது. கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதுவும் தெரியும். ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்பதற்காகத் திரையை எங்கள் பக்கமே திருப்பி வைத்திருப்போம். படுத்திருப்பவள் எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சிரித்தேன்.

"தலை நல்லா இருக்கு. நிம்மதியாப் போய்ச் சாப்பிடு" என்றேன். ரிப்போர்ட்டும் அப்படியே கொடுத்தேன். அடுத்த ஸ்கேனுக்கும் என்னிடமே வரச் சொன்னேன்.

ஏழாம் மாதம் மாமியார் பஞ்சம்மாள் பாக்கு வைத்து வளைகாப்புக்கு அழைக்க வந்தார்.

"எல்லாம் ஒங்க வாய் முகூர்த்தம் டாக்டரம்மா. நீங்கதான் வந்து மொத வளையலப் போடணும்."

போனேன். கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கைக்கும் வளையல் அடுக்கினேன். வயிறு அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பனிக்குட நீர் கூடிவிடும், பார்த்ததுமே தெரிந்தது. "ரெட்டப் பிள்ளையா இருக்கப் போகுது" என்று பெண்கள் கேலி செய்தார்கள். பிள்ளை உதைக்கிறதென்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள் யுவராணி. உதைத்தது. புளிச்சோறு நன்றாக இருந்தது, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லையாம். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். பிள்ளை சாயங்காலம் வரை மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததாம். பஞ்சம்மாள்தான் அதன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. அதெல்லாம் பார்க்கிற சமாச்சாரமா?

ஆனாலும் நான் எந்த உயிரையும் அழிக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிரசவம் பார்த்த டாக்டர், ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே இது தெரிந்திருக்குமே என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். உடம்பு தேறியதும் யுவராணி நேரே என் அறைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"தெரிஞ்சேதான் எனக்கு வளையல் போட்டுவிட்டீகளா?"

ஆமாம் என்றேன். எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை, அய்யா.