பூனை அக்காவின் முப்பத்தெட்டு நாள்

எனக்கு இரண்டு கட்டைவிரலாலும் வேகமாகத் தட்டச்சு செய்ய வரும். இந்த வயதில் அது பெரிய விஷயம், ஐயா. என் வயது வக்கீல்கள் கோழி கொத்துகிற மாதிரி ஒரே விரலால் எழுத்தைத் தேடிக் குத்துவார்கள். நான் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றபடியே, வழக்கைக் கூப்பிடுவதற்குள் ஒரு பக்கம் அடித்துவிடுவேன். ஆயுதம் என்று எதையாவது குறிக்க வேண்டுமானால் இந்த விரல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வக்கீல்கள் அறையில் எனக்கு 'செல்ஃபி' என்று பெயர். என் முன்னால் சொல்ல மாட்டார்கள். சட்டத்தை எளிமையாகச் சொல்லும் என் காணொளிகளை எண்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். பாதிப்பேர் சட்டத்துக்காக, மீதிப்பேர் என் தலைச்சாயத்தைக் கிண்டல் செய்வதற்காக. இளம் வக்கீல்களுக்குச் சமூக ஊடக வகுப்பும் எடுக்கிறேன். கட்சிக்காரரின் கோப்பைப் படம் எடுத்துப் போடாதே. நீதிபதிக்கு நட்பு அழைப்பு அனுப்பாதே. எதிர்த் தரப்புக்கு ஒரு வக்கீல் இருக்கும்போது அவரைத் தாண்டி அந்தக் கட்சிக்காரரிடம் நீ பேசாதே. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன். அழுத்தம் கூடும்.

அந்த வகுப்பின் தேநீர் இடைவேளைகளில்தான் பூனை அக்கா பெரும்பாலும் பதில் எழுதினாள்.

இந்த வழக்கில் என் கட்சிக்காரர் குழந்தையின் அப்பா. இஸ்திரி கலையாத சட்டை, அமைதியான பேச்சு. மனைவியைப் பிரிந்தவர், நான்கு வயது மகள் தன்னிடம் இருக்க வேண்டும் என்றார். வழக்கில் ஒன்றுமே இல்லை. தடுப்பூசி அட்டை, பள்ளிப் படிவம், பல் மருத்துவரின் சீட்டு, எல்லாவற்றிலும் அம்மாவின் கையெழுத்து. மகளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். "அது அவளுக்குத்தான் சார் தெரியும்" என்றார்.

தேடியதில், பிரிந்து வாழும் தாய்மார்களின் இணையக் குழு ஒன்றில் அந்தப் பெண் இருப்பது தெரிந்தது. உள்ளே போக ஒரே ஒரு கேள்விதான்: உங்கள் குழந்தைக்கு என்ன வயது? நான்கு என்று போட்டேன். என் அலுவலக ஜன்னலில் வெயில் காயும் பூனையைப் படம் எடுத்து முகப்புப் படமாக வைத்தேன். ஒரு வாரத்தில் அவள் என்னை 'பூனை அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, பாப்பா இன்னிக்கும் சாப்பிடலை. என்ன பண்றதுன்னே தெரியலை."

எனக்கும் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் என் மனைவியிடம் கேட்டேன்.

"நாலு வயசுப் பிள்ளை சாப்பிடலைன்னா என்ன பண்ணணும்?"

"நம்ம பையனுக்கு நாலு வயசா இருந்தப்ப கேட்டிருக்கணும். இருபது வருஷம் லேட்டு."

"ஒரு கேஸுக்குத் தேவைப்படுது."

"கேஸுக்குன்னா மட்டும் பிள்ளை ஞாபகம் வருது." ஆனாலும் சொன்னாள். தட்டைப் பிள்ளை கையிலேயே குடுத்துடணும், பக்கத்துல உக்காந்து நீயும் சாப்பிடணும், பார்க்காத மாதிரி இருக்கணும்.

அப்படியே அடித்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "சாப்பிட்டுட்டா அக்கா. நீங்க நல்லா இருக்கணும்." எத்தனையோ வழக்கு ஜெயித்திருக்கிறேன். ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. யோசனை மனைவியுடையது, வாழ்த்து எனக்கு. வக்கீல் தொழிலே கிட்டத்தட்ட இதுதான்.

நான்கு மாதம் போனது. ஒரு நாள், தாங்க முடியாதபோது குளியலறைக்குள் போய் அழுவேன் என்று எழுதினாள். நான் சொன்னேன்: "இதைக் குழுவுல எழுதும்மா. கொட்டிட்டா மனசு லேசாயிடும். உன்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்கன்னு உனக்கும் தெரியும்." எழுதினாள்:

"சில நாள் பாப்பா கதவைத் தட்டித் தட்டி அழுவா. நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருப்பேன். அஞ்சே நிமிஷம். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வந்து அவளைத் தூக்கிக்குவேன். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம்."

இருநூறு அம்மாக்கள் அதற்கு இதயம் போட்டார்கள். நான் முதல் இரண்டு வரிகளை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். குழுவில் அத்தனை பேர் இருப்பதால், வெளியே கொடுத்தது யார் என்று எவருக்கும் தெரியாது. பிறகு, உன் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் வம்பு, அதை அழித்துவிடு என்று பூனை அக்கா அறிவுரை சொன்னாள். அழித்துவிட்டாள்.

நலம் விரும்பி ஒருவர் அனுப்பியதாகத் தாக்கல் செய்தேன். நீதிபதி இரண்டு முறை படித்தார். எதிர்த் தரப்பு வக்கீலம்மா எழுந்து, "இது பாதிதான், முழுசையும் காட்டச் சொல்லுங்க" என்றார். முழுசு இப்போது எங்கும் இல்லை. குழந்தை அப்பாவிடம் போனது.

வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து போனை எடுத்தாள். என் கோட்டுப் பையில் அதிர்ந்தது. எங்களுக்கு நடுவில் ஆறடி கூட இருக்காது.

"அக்கா, பாப்பாவைக் குடுத்துட்டாங்க."

அறிவிப்புப் பலகையைப் படிக்கிற மாதிரித் திரும்பி நின்று பதில் போட்டேன்: "அழாதேம்மா. நான் இருக்கேன்ல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். என் சொல்லுக்கு அவ்வளவு உடனடி பலன் எந்த நீதிமன்றத்திலும் கிடைத்ததில்லை.

மேல்முறையீடு போடலாம் என்று வக்கீலம்மா அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பூனை அக்கா வேறு மாதிரிச் சொன்னாள். "இப்ப வேணாம்மா. மறுபடி கோர்ட்டுன்னா பிள்ளையைத்தான் அலைக்கழிப்பாங்க. கொஞ்சம் பொறு. தனியாப் பார்த்துக்க முடியாம அவரே கொண்டாந்து விட்டுடுவார்." அவள் பொறுத்தாள். காகிதங்களில் கையெழுத்துப் போட மறுத்தாள். தினமும் அவளுக்கு எழுதினேன். ஒரு நாள் தவறவில்லை.

மேல்முறையீட்டுக்குக் கெடு முப்பது நாள். தீர்ப்பின் நகலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களை அதில் கழித்துவிடுவார்கள். வெளியாட்கள் பலருக்கு இது தெரியாது. நகல் கைக்கு வர எத்தனை நாள் ஆனது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். எட்டு என்றாள். முப்பத்தெட்டாவது நாள் "நல்லா தூங்கும்மா" என்று எழுதினேன். முப்பத்தொன்பதாவது நாள் காலையிலிருந்து பூனை அக்கா எழுதவில்லை. வேலை முடிந்த கோப்பைக் கட்டி அலமாரியில் வைப்பது என் பழக்கம்.

அந்தப் பழக்கம்தான் காட்டிக்கொடுத்தது. அந்தப் பெண் தன் வக்கீலம்மாவிடம் போயிருக்கிறாள். மகளுக்காக இல்லை. "எங்க அக்கா ஒருத்தங்களைக் காணோம், அவங்களுக்கு என்ன ஆச்சோ, கண்டுபிடிச்சுத் தாங்க" என்று கேட்டிருக்கிறாள். வக்கீலம்மாவுக்கு எந்தச் சமூக ஊடகமும் கிடையாது. ஒற்றை விரல்காரர். என் வகுப்புக்கு வந்திருந்தால் பின்வரிசையில் உட்கார வைத்திருப்பேன். அவர் செய்தது, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் தீர்ப்பு நாளிலிருந்து அக்கா காணாமல்போன நாள் வரை விரல் வைத்து எண்ணியது மட்டும்தான். எட்டு நாளைக் கழிக்கத் தெரிந்த பூனை எந்தப் பூனை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மீதியை உங்கள் விசாரணை கண்டுபிடித்தது: அந்த இணையக் கணக்கைத் தொடங்கிய தொலைபேசி எண் என் அலுவலகத்துடையது. எண்பதாயிரம் பேருக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தவன் நான்.

தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று இந்த வாக்குமூலத்தில் கையெழுத்திட்டால், கெடு கடந்த மேல்முறையீட்டையும் ஏற்றுக்கொள்வார்கள். அப்பா அடுத்த வாரம் குழந்தையோடு வெளிநாடு போவதையும் நிறுத்தலாம். தெரியும், ஐயா. கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்று காலையும் எழுதியிருந்தாள். "அக்கா, உடம்புக்கு ஏதாவதா? பூனைக்குச் சாப்பாடு வைக்க ஆள் இருக்கா? நான் வேணா வரட்டுமா?" பதில் போடவில்லை. போனை உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். ஆனால் அவளுக்குப் பதில் போட வேறு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

வாக்குமூலத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். தேதிகள் சரி. நான் செய்தவை எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில், 'அவளுக்குத் தோழியாக நடித்து' என்று அடித்திருக்கிறீர்கள். அந்த 'நடித்து' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.