கீழே ஆள் இல்லாத கிரேன்

எண்ணூரிலிருந்து வந்த மின்சார ரயில் வழக்கம்போல் கொருக்குப்பேட்டைக்கு முன்னால் நின்றுவிட்டது. மகளிர் பெட்டியில் எனக்கு எதிரே துறைமுகச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“பதினோரு வருஷமா கிரேன் ஓட்றேன். பொம்ம கிரேன்ல என்னை ஃபெயிலாக்கிட்டானுங்கடி” என்றாள் மூத்தவள்.

“இன்னா பொம்மக்கா?”

“செல்போன்ல ஆட்ற கேம் செஞ்சிகினு இருந்த கம்பெனி, இப்போ தலைல மாட்ற வி.ஆர். கண்ணாடி செஞ்சு விக்கிறான். அத்த மாட்டிகினா கிரேன் மேல குந்திகினு இருக்கற மாரியே கீது. அதுலதான் இப்போ நம்ம போர்ட்ல டெஸ்ட்டு.”

“உனுக்கா வரல?”

“கன்டெய்னர கரீக்டா புட்ச்சேன். கன்டெய்னர லாரியோட பூட்டிகிற லாக்க கீழ நின்னு கழட்றவன், வெலகி நின்னு ‘தூக்கு’ன்னு கை காட்டணும்ல? ஹாரன் அட்ச்சிட்டு நின்னேன். யாரும் காட்டல. டைம் முட்ஞ்சிபோச்சு, ஃபெயிலுன்னுது. கம்பெனிக்காரன் சிரிக்கிறான். ‘கேம்ல கீழ ஆளே கிடையாது மேடம், நீங்க பாட்டுக்குத் தூக்கலாம்’ன்றான்.”

“தூக்கிட்டு வந்துர வேண்டியதுதானேக்கா? பாஸ் பண்ணலன்னா இனிமே கிரேன்ல ஏத்த மாட்டாங்களாமே.”

“அதுல அப்டியே தூக்கிப் பயகினா, நெசத்துலயும் கை தானா தூக்கிரும். நெசத்துல கீழ நிக்கறவன் உன் தம்பிடி.”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“நாளிக்கி மறுபடி டெஸ்ட்டாமே. இன்னாக்கா செய்வே?”

“ஹாரன் அடிப்பேன். நிப்பேன். அந்தக் கம்பெனிக்காரன் கேம்ல கீழ ஒரு ஆள வெக்கற வரிக்கும் நிப்பேன்.”